கட்டுப் பிரித்த நாள்

அந்தக் கடைத்தெருவில் அவளைப் பெயர் சொல்லி அழைப்பவர் யாரும் இல்லை. ஷூ கடையில் சேர்ந்த மூன்றாம் வருஷமே அவள் சைஸக்கா ஆகிவிட்டாள். வாசற்படியில் ஒருவர் கால் வைத்து உள்ளே வருவதற்குள் அவள் உதடு லேசாக அசையும். ‘எட்டரை.’ ‘ஆறு, இடது கால் மட்டும் ஆறரை.’ அளவுப் பலகையை எடுத்து வைத்துப் பார்த்தால் அதுவும் அதையேதான் சொல்லும். ஆரம்பத்தில் முதலாளி டீக்குப் பந்தயம் கட்டிப் பார்த்தார். தொடர்ந்து பதினோரு நாள் டீ வாங்கிக் கொடுத்த பிறகு பந்தயத்தை விட்டுவிட்டு அவள் சொல்வதை நம்ப ஆரம்பித்தார்.

அவளுக்கென்று ஒரு சாண் உயரத்தில் ஒரு முக்காலி உண்டு. ஆனால் அவள் அதில் உட்கார்ந்தது குறைவு. குதிகாலைத் தூக்கி, கால்விரல்களை மடக்கி, அந்த விரல்களின் மேலேயே உடம்பை நிறுத்திக் குந்தியபடிதான் வேலை செய்வாள். பெட்டி எடுக்கச் சட்டென்று எழவும், மறுபடி குந்தவும் அதுதான் தோது. பக்கத்தில் கணுக்கால் வரைக்கும் மட்டும் காட்டுகிற கண்ணாடி. இருபத்திரண்டு வருஷம் அவள் உலகத்தை முழங்காலுக்குக் கீழேயே பார்த்து வந்தாள். கல்யாணம் நிச்சயமான கால், வேலை போன கால், சண்டை போட்டுக்கொண்டு வந்த ஜோடிக் கால்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. முகங்கள் மட்டும் மேலே எங்கோ வெளிச்சத்தில் மங்கலாக இருக்கும்.

அவளுக்கு அது பிடித்திருந்தது. எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டுமே என்பதற்காக அவளாகவே நின்றுகொண்டாள். பதில் தெரியாமல் இல்லை. தெரிந்த பதிலை நாற்பது பேருக்கு முன்னால் உரக்கச் சொல்வதுதான் அவளால் ஆகாத காரியம். கால்கள் கேள்வி கேட்பதில்லை.

கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஷூவை யாரும் குற்றம் சொல்லக் கூடாது. வாங்கி ஒரு வாரத்தில் யாராவது முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தால், முதலாளி கண்ணாலேயே அவளைக் காட்டுவார். அவள் காலைக் கையில் வாங்கி, கொப்புளத்தைத் தடவிப் பார்த்து, மெதுவான குரலில், "உங்க கால் கொஞ்சம் அகலம். போடப் போடப் பழகிடும்" என்பாள். அவ்வளவு மென்மையாகச் சொல்கிறவளிடம் யார் சண்டை போட முடியும்? அவர்கள் தங்கள் காலைத் தாங்களே கோபமாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். பாதிப் பேருக்குப் பழகியும்விட்டது. மீதிப் பேர் திரும்ப வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவள் யோசித்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவளுடைய வலது காலில், கட்டைவிரலின் அடியில், எலும்பு ஒரு பக்கமாகப் புடைக்கத் தொடங்கியது. கடையில் வேலை செய்கிற பெண்கள் கடை ஷூதான் போடவேண்டும். முன்பக்கம் குறுகி, பளபளவென்று, பார்க்க லட்சணமாக இருக்கும் கறுப்பு ஷூ. அதற்குள் கட்டைவிரல் வருஷக்கணக்காக மற்ற விரல்கள்மேல் சாய்ந்து சாய்ந்து, கடைசியில் அப்படியே தங்கிவிட்டது. மாலையில் ஷூவைக் கழற்றினால் புடைத்த இடம் சிவந்து சுடும். தனக்குத்தானே அவள் சொல்லிக்கொண்டாள், பழகிடும்.

அந்தப் புடைப்பைப் பார்த்தவர் ஒரு டாக்டர். கடையின் வாடிக்கையாளர். எட்டாம் நம்பர் கால், குதிகால் மெத்தென்று இருக்கும், நெடுநேரம் நின்று வேலை செய்கிறவர் என்று அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். அவர் காலில் அவள் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

"இத ஏம்மா வச்சிக்கிட்டுக் கஷ்டப்படற? அரை மணி நேர வேலை. எலும்ப லேசா வெட்டி நேரா வச்சு ஒரு ஸ்க்ரூ போட்டுட்டா முடிஞ்சுது. ஆறு வாரத்துல ஓடலாம்."

நான் எங்கே டாக்டர் ஓடப்போகிறேன் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. "சரி டாக்டர்" என்றாள்.

அவள் தங்கியிருந்தது தங்கையின் வீட்டில். தங்கை நீதிமன்றக் கட்டடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நடத்தினாள். அக்காவுக்கு வராத பேச்சையெல்லாம் சேர்த்துத் தங்கைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் சொல்வார்கள். "அளவு எடுக்கப்போன இடத்துல உன்னையே அளவெடுத்துட்டாரா? போ, நல்லது நடந்தா சரி" என்று தங்கைதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

முதுகில் ஒரு ஊசி. கொஞ்ச நேரத்தில் அவளுடைய கால்கள் வெந்நீரில் போட்ட உப்பைப் போலக் கரைந்து போயின. இடுப்புக்குக் கீழே ஒரு பச்சைத் துணி தொங்கியது. துணிக்கு அந்தப் பக்கம் என்னவோ நடந்தது. தச்சு வேலை நடக்கிற வீட்டில் அடுத்த அறையில் படுத்திருப்பதைப் போல இருந்தது. சின்ன ரம்பத்தின் சத்தம், ஏதோ உலோகத்தட்டில் விழுகிற சத்தம், டாக்டர் மெல்ல ராகம் இழுக்கிற சத்தம். அவள் மேலே விளக்கைப் பார்த்தாள். அந்த வட்ட வெளிச்சத்துக்குள் ஷூ பெட்டிகள் ஒவ்வொன்றாக மிதந்து போயின. எல்லாப் பெட்டிகளும் திறந்திருந்தன. எதிலும் ஜோடி இல்லை, ஒற்றை ஷூதான். அடடா, கலந்து வைத்துவிட்டார்களே, முதலாளி திட்டுவாரே என்று கவலைப்பட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போனாள்.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள்.

நர்ஸ் கடைசிச் சுற்றை எடுத்ததும் அவள் பார்த்தாள். ஒரு பார்வைதான். அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை. முன்பு மற்ற விரல்கள்மேல் சாய்ந்திருந்த கட்டைவிரல், இப்போது கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பியவனைப் போல அவற்றுக்கு முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது. நுனி மேலே தூக்கியிருந்தது. மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. பக்கத்து விரலைத் தொட்டாள். வேறு யாருடைய விரலையோ தொட்ட மாதிரி இருந்தது. இந்தக் காலோடு ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தால் அவள் எந்தப் பெட்டியையும் எடுத்திருக்கமாட்டாள்.

டாக்டர் வந்து பார்த்தார். "வீக்கம் வடியணும். உங்க எலும்பு வாகு அப்படி. நடக்க நடக்கப் பழகிடும்" என்றார்.

அந்த வார்த்தையை அவள் வேறொருவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. தன் குரலையே கேட்டதைப் போல இருந்தது. அதனால் நம்பினாள்.

இரண்டு வருஷம் போனது. அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் அவளுக்குத் தண்ணீருக்கடியில் நடந்ததைப் போலத்தான் நினைவு வருகிறது. கட்டைவிரல் தரையைத் தொடாததால் ஒவ்வொரு அடியிலும் தரை கொஞ்சம் தள்ளிப்போய் வந்தது. குந்த முடியவில்லை. பழைய பழக்கத்தில் ஒருநாள் குந்தப்போய், அளவு பார்க்க வந்த கனத்த மனிதர் மடியிலேயே சாய்ந்துவிட்டாள். அவர் மனைவி பக்கத்தில் இருந்தாள். "பரவால்ல, ஷூவோட சேத்து இதுவும் இலவசமா?" என்று அந்த அம்மாள் கேட்டது கடை முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் முக்காலியில் உட்கார்ந்து, வலது காலைப் பக்கவாட்டில் நீட்டி வைத்துக்கொண்டு வேலை செய்தாள். பெட்டி எடுக்க வேறு ஒரு பெண்ணைக் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிடுவதற்குக் கூச்சப்பட்டு, பாதி நேரம் தானே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

டாக்டரிடம் பதினோரு தடவை போனாள். ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சுதான்.

"இப்ப எப்படி இருக்கு? பரவால்லையா?"

"பரவால்ல டாக்டர்."

அவர் குறிப்பில் என்னவோ எழுதுவார். அவள் எழுந்து வந்துவிடுவாள்.

"அங்க போயி பரவால்லன்னு சொல்றதுக்கு எதுக்கு ரெண்டு பஸ் மாறிப் போற? இங்கயிருந்தே சொல்லிடலாம்ல" என்பாள் தங்கை.

"அவரு கேக்கும்போது வேற என்னடி சொல்றது?"

"வலிக்குதுன்னு சொல்றது."

"வலிக்குதுன்னு அவருக்குத் தெரியாதா? டாக்டரு."

மதிய நேரத்தில் கடை காலியாக இருக்கும்போது அவள் சில சமயம் முக்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவாள். அப்போதெல்லாம் ஒரே கனவு. கடை நிறையக் கால்கள். முழங்காலுக்கு மேலே எல்லாம் புகை. கால்கள் வரிசையில் நின்று பொறுமையாகக் காத்திருக்கும். வரிசையின் முடிவில் அவளுடைய கட்டைவிரல் தனியாக வந்து அளவுப் பலகைமேல் உட்காரும். "எனக்கு என்ன சைஸ்?" என்று கேட்கும். அவள் பார்ப்பாள், பார்ப்பாள். ஒரு எண்ணும் வாயில் வராது. விரல் அவசரப்படாது. "யோசிச்சுச் சொல்லுங்க, நான் இருக்கேன்" என்று மரியாதையாகச் சொல்லும். விழித்துக்கொண்டால் வலதுகால் மரத்துப்போயிருக்கும்.

அப்படி ஒரு மதியம் அவளை எழுப்பியது ஐந்தரை நம்பர் கால். கால் சம்பந்தப்பட்ட நோய்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிற ஒரு பெண் டாக்டர். நடை ஷூ வாங்க வந்திருந்தாள். நீட்டி வைத்திருந்த காலைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், பிறகு நாற்காலியைவிட்டு இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"காலக் குடுங்க."

"ஐயோ, வேண்டாங்க மேடம். நீங்க கஸ்டமர்."

"குடுங்கன்னா குடுங்க."

அவள் ஷூவைக் கழற்றினாள். அந்தப் பெண் விரலை மடக்கிப் பார்த்தாள், குத்திப் பார்த்தாள், கண்ணை மூடச் சொல்லி எந்த விரலைத் தொடுகிறேன் என்று கேட்டாள். சைஸக்கா ஐந்துக்கு இரண்டு தப்பாகச் சொன்னாள். மறுநாளே தன் மருத்துவமனைக்கு வரச்சொல்லி எக்ஸ்ரே படம் எடுத்தாள். வெளிச்சப் பலகையில் அந்தப் படத்தை மாட்டியபோது சைஸக்கா தன் காலின் உள்ளே என்ன இருக்கிறது என்று முதன்முதலாகப் பார்த்தாள். சாம்பல் நிற மேகங்களுக்கு நடுவே, சின்ன வெள்ளைத் திருகாணி ஒன்று நட்சத்திரம் மாதிரி மின்னியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"இது இங்க இருக்கக் கூடாது" என்றாள் அந்த டாக்டர். "எலும்போட நிக்கணும். இது மூட்டுக்குள்ளயே போயிடுச்சு. எலும்பையும் தேவைக்கு மேல வெட்டியிருக்காங்க. ஆபரேஷன் அன்னைக்கே ஒரு படம் எடுத்திருப்பாங்க. அதுல இது தெரிஞ்சிருக்கும். அன்னைக்கே சரி பண்ணியிருக்கலாம்."

"என் எலும்பு வாகு அப்படின்னாரே."

"உங்க எலும்பு மேல ஒரு தப்பும் இல்ல."

வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அந்த வாக்கியம் அவள் காதில் நின்றது. இறங்கவேண்டிய இடம் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டாள்.

தங்கை கேள்விப்பட்டதும் ஜெராக்ஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நேராக எதிர்க் கட்டடத்துக்கு ஓடினாள். தினமும் கட்டுக் கட்டாக நகல் எடுக்க வருகிற ஒரு வக்கீலம்மாவை அழைத்துவந்தாள். சின்ன வயது. கொண்டையில் பென்சில் செருகியிருக்கும். நின்றால் ஒற்றைக்காலில்தான் நிற்பாள். ஆஸ்பத்திரிகள்மேல் வருகிற புகார்களை விசாரிக்க ஒரு மன்றம் இருக்கிறது, அங்கே நஷ்டஈடு கேட்கலாம், திரும்ப ஆபரேஷன் செய்யவும் அவர்களையே பொறுப்பேற்கச் சொல்லலாம் என்றாள். காகிதங்களைப் புரட்டினாள். பிறகு பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தாள்.

"ஒரு சிக்கல் இருக்குக்கா. தப்பு நடந்தது தெரிஞ்ச நாள்லருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் குடுக்கணும். கட்டுப் பிரிச்சு ரெண்டு வருஷம் தாண்டி மாசக்கணக்கா ஆயிடுச்சு. படம் எடுத்து ரெண்டே வாரம்தான். நீங்க கட்டுப் பிரிச்ச அன்னைக்கே தெரிஞ்சதுன்னா கதை முடிஞ்சுது, உள்ளயே விடமாட்டாங்க. படம் பாத்த அன்னைக்குத்தான் தெரிஞ்சதுன்னா நாம உள்ள. முதல் விசாரணையே இதப் பத்தித்தான் இருக்கும்."

சைஸக்கா வலது காலை இடது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கேட்டா, எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு சொல்லிடுங்க. எட்டாவதோட நின்னவங்க, கால் விஷயம் எல்லாம் எனக்கு எப்படிங்க தெரியும்னு சொன்னா யாரா இருந்தாலும் நம்புவாங்க. உங்க படிப்பு நமக்கு நல்லது."

தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீலம்மா நல்லவள்தான், நல்லதற்குத்தான் சொல்கிறாள். ஆனால் கால் விஷயம் எனக்குத் தெரியாது என்று சொல்வதற்கு, நான் பிறக்கவேயில்லை என்று சொல்லிவிடலாம் போலிருந்தது அவளுக்கு. உலகத்தில் அவளுக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

முதலாளியிடம் விடுப்பு கேட்டபோது அவர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து நெடுநேரம் அவளைப் பார்த்தார். "நம்ம கஸ்டமர் மேலயே கேஸாம்மா?" என்றார். பிறகு, "போயிட்டு வா. அந்தப் பச்சை டப்பால பெரிய சைஸ் கான்வாஸ் ஒன்னு இருக்கு. அதப் போட்டுக்கிட்டுப் போ, இந்தக் கறுப்பு வேண்டாம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

விசாரணை அறை இரண்டாம் மாடியில் இருந்தது. அவள் நினைத்து வந்ததைவிடச் சின்ன அறை. உயரமான ஜன்னல் வழியாக வெயில் ஒரு பலகையைப் போலச் சாய்ந்து விழுந்து, அதில் தூசி மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் மன்றத்தின் தலைவி, நரைத்த முடி, மூக்குக் கண்ணாடி. முன்வரிசையில் டாக்டர். சைஸக்கா நிமிராமலே அவரைக் கண்டுகொண்டாள். பழுப்பு நிற ஷூ, அவள் கையால் மாட்டிவிட்டது. சே, இவர்மேல் போய், என்று ஒரு கணம் கால் பின்வாங்கியது.

சாட்சி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தங்கை பின்வரிசையிலிருந்து, பயப்படாதே என்று கையைக் காட்டினாள்.

ஆஸ்பத்திரியின் வக்கீல் உயரமானவர், பட்டுப்போன்ற குரல். அதட்டுவார் என்று எதிர்பார்த்தவளுக்கு அவர் பேச்சு தாலாட்டு மாதிரி இருந்தது.

"எத்தனை வருஷமாம்மா ஷூ கடையில இருக்கீங்க?"

"இருபத்தஞ்சு."

"தினமும் எத்தனை கால் பாப்பீங்க?"

"அம்பது இருக்கும். விசேஷ நாள்ல கூட."

"கடைத்தெருவுல உங்கள ஏதோ பட்டப்பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களாமே?"

அவள் காது சிவந்தது. "சைஸக்கா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவரும் அன்பாகச் சிரித்தார். மேஜைக்கு முன்னால் நாலடி நடந்து, திரும்பி வந்து, அவள் எதிரே காலைச் சற்று முன்னால் வைத்து நின்றார்.

"சும்மா ஒரு ஆசைக்குக் கேக்கறேன். எனக்கு என்ன சைஸ்?"

வக்கீலம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. இருபத்தைந்து வருஷத்துப் பழக்கம். எதிரே ஒரு கால் வந்து நின்று சைஸ் கேட்டால் சைஸக்காவின் வாய் அவளைக் கேட்டுக்கொண்டா பேசும்?

"ஒம்போதுங்க. நீங்க பத்து போட்டிருக்கீங்க. அதான் நடக்கும்போது குதிகால் வழுக்குது. இடது கால்ல சுண்டுவிரல் உரசுது போல, வெளிப்பக்கமா சாஞ்சு வைக்கிறீங்க. உள்ள மெல்லிசா ஒரு அட்டை வச்சிக்கிட்டா நின்னுடும்."

அறையே சிரித்தது. தலைவிகூடக் கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் வாயை மறைத்துக்கொண்டாள். வக்கீலம்மா மெதுவாக உட்கார்ந்துவிட்டாள். தங்கை தலையில் அடித்துக்கொண்ட சத்தம் முன்னால் வரை கேட்டது.

ஆஸ்பத்திரி வக்கீல் தன் இடது காலை ஆச்சரியத்தோடு பார்த்தார். "உண்மைதான்" என்றார். பிறகு அதே தாலாட்டுக் குரலில், "ஷூவுக்குள்ள இருக்கிற என் சுண்டுவிரல் உங்களுக்குத் தெரியுது. உங்க கட்டைவிரல் ரெண்டு வருஷமா உங்க கண்ணு முன்னாடி வெறுங்காலா இருந்திருக்கு. அது கோணலா இருக்குன்னு கட்டுப் பிரிச்ச அன்னைக்கு உங்களுக்குத் தெரியாது. அப்படித்தானே?"

சிரிப்பு அடங்கிவிட்டது. மின்விசிறியின் நிழல் மேஜைமேல் சுற்றிச் சுற்றி வந்தது. வெயில் பலகையில் தூசி நின்றுவிட்டதைப் போலத் தோன்றியது. அவள் தலையைக் குனிந்தாள். அறையிலிருந்த கால்கள் எல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிந்தன. வரிசையாக, பொறுமையாக. மேலே எல்லாம் புகை. வக்கீலம்மாவின் ஆறாம் நம்பர் கால் மேஜைக்கு அடியில் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தது. சொல்லு, தெரியாது என்று சொல்லு. அந்தச் சொல் அவள் நாக்கின் நுனியில் இருந்தது. ஒரே ஒரு சொல். சொன்னால் வழக்கு உள்ளே போய்விடும். சொன்னால், நாளைக் காலையில் முக்காலியில் எந்த முகத்தோடு உட்காருவது?

"தெரிஞ்சுதுங்க" என்றாள்.

தட்டிக்கொண்டிருந்த கால் நின்றது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றாள் தலைவி.

பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கச் சொன்ன மாதிரி இருந்தது. ஏனோ அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றாள்.

"தெரிஞ்சுதுங்க. கடைசிச் சுத்து பிரிச்சதுமே தெரிஞ்சுது. விரல் திரும்பியிருக்கு, நுனி தரையில படல, பக்கத்து விரல் செத்துப்போச்சு. எல்லாம் அன்னைக்கே பாத்தேன்."

ஆஸ்பத்திரி வக்கீல் தலைவியைப் பார்த்து லேசாகத் தலைவணங்கினார். தன் வேலை முடிந்தது என்பது போல நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"ஆனா அது என் கால் பண்ணின தப்புன்னு நெனச்சேன்" என்றாள் சைஸக்கா.

அவர் நின்றார்.

"எங்க கடையில ஷூ கடிச்சா ஷூவக் குத்தம் சொல்லமாட்டோம். உங்க கால் அகலம், உங்க விரல் நீளம், பழகிடும்னு சொல்லி அனுப்பிடுவோம். நானே சொல்லியிருக்கேன், ஆயிரம் பேருக்கு. சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான்னு ஆயிடுச்சு. எது கடிச்சாலும் கால்மேலதான் தப்பு. டாக்டர் உங்க எலும்பு வாகு அப்படின்னாரு. சரின்னு வந்துட்டேன். கோணல்னு தெரியும். கோணலுக்கு அவரு கைதான் காரணம்னு தெரியாது. எலும்புக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் வெளியிலருந்துதான பாக்கறேன். படத்தப் பாத்தன்னைக்குத்தான், உங்க எலும்பு மேல தப்பே இல்லன்னு ஒருத்தங்க சொன்னாங்க."

இவ்வளவு நீளமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

தலைவி எதையோ எழுதினாள். பிறகு கேட்டாள்.

"திரும்பத் திரும்ப டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"பதினோரு தடவைங்க."

"ஒவ்வொரு தடவையும் நோயாளி திருப்தியா இருக்காங்கன்னு எழுதியிருக்கே."

"பரவால்லையான்னு கேட்டாரு. பரவால்லன்னு சொன்னேன்." கொஞ்சம் யோசித்து, "நல்லாயிருக்கான்னு கேட்டிருந்தா வேற சொல்லியிருப்பேன்" என்றாள்.

"ஆபரேஷன் அன்னைக்கு எடுத்த படத்த உங்களுக்குக் காட்டினாங்களா?"

"இல்லங்க. அப்படி ஒன்னு எடுத்ததே எனக்குத் தெரியாது."

தலைவி முன்வரிசையின் பக்கம் திரும்பினாள். "டாக்டர், அந்தப் படம் இந்தக் காகிதக் கட்டுல இருக்கு. தேதியும் இருக்கு. நீங்க பாத்தீங்களா?"

"பாத்திருப்பேன்."

"பாத்தீங்களா?"

பழுப்பு ஷூக்கள் இரண்டும் நாற்காலிக்கு அடியில் ஒன்றையொன்று நெருங்கின. "பாத்தேன்."

"இவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அவங்க கேக்கல" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து உத்தரவைப் படிப்பதாகச் சொல்லி எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். தாழ்வாரத்துப் பெஞ்சில் மூன்று பெண்களும் உட்கார்ந்தார்கள். தங்கை எழுந்து போய் மூன்று டீ வாங்கி வந்தாள். யாரும் குடிக்கவில்லை.

"அவரு சைஸ்தான் கேட்டாரு. அட்டை வச்சிக்கச் சொல்லி வைத்தியம் வேற சொல்லணுமா?" என்றாள் தங்கை.

"பாவம், உரசுதுடி அவருக்கு."

"உரசட்டும்."

வக்கீலம்மா பென்சிலைக் கொண்டையிலிருந்து எடுப்பதும் செருகுவதுமாக இருந்தாள். "நான் சொன்னபடி சொல்லியிருந்தீங்கன்னா அவரு உங்கள அங்கயே பிச்சிருப்பாரு" என்றாள் கடைசியில். "ஒன்னும் தெரியாதுன்னு சொல்றவங்க அந்தக் கேள்விக்கு அப்புறம் நின்னிருக்க முடியாது. எனக்கு அது தோணல." பென்சிலைச் செருகிவிட்டு, "உங்க படிப்பு நல்லதுன்னு சொன்னேன் பாருங்க, அது தப்பு" என்றாள். சைஸக்கா தன் டீயை அவள் பக்கம் நகர்த்தினாள்.

தாழ்வாரத்தில் வெயில் இடம் மாறியது. யார் யாரோ காகிதக் கட்டுகளோடு கடந்து போனார்கள். அவளுக்குக் கண் சொக்கியது. விழித்தபோது தங்கை தோளை அசைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே தலைவி ஒரே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள். சைஸக்காவுக்குப் பாதி புரியவில்லை. "குறை இருப்பது தெரிவது வேறு, அதற்கு யார் காரணம் என்று தெரிவது வேறு" என்ற இடம் புரிந்தது. "பார்த்தவர் சொல்லாதவரை, பார்க்காதவருக்கு நாள் கணக்குத் தொடங்காது" என்ற இடம் புரிந்தது. பிறகு ஏதோ எண்கள், ஏதோ பிரிவுகள், அடுத்த தேதி. வக்கீலம்மா ஒற்றைக்காலிலிருந்து இரண்டு காலுக்கு மாறி நின்றாள்.

வெளியே வந்ததும் தங்கை பிடித்துக்கொண்டாள். "என்னங்க, ஜெயிச்சாச்சா?"

"இன்னும் இல்ல. புகார எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு உண்மையான விசாரணை ஆரம்பிக்கும். படம் எடுத்த டாக்டர் வந்து சொல்லணும், அவங்க பக்கம் ஒரு டாக்டர் வந்து மறுப்பாரு. இழுக்கும்."

"அப்ப இன்னைக்கு நடந்தது என்ன?"

வக்கீலம்மா பதில் சொல்வதற்குள் சைஸக்கா சொன்னாள். "கேக்கறோம்னு சொல்லியிருக்காங்க."

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

"ஆமா" என்றாள் அவள். "அதுக்குத்தான்."

படிக்கட்டில் இறங்கும் கூட்டம் அவர்களுக்குப் பின்னால் சேர்ந்துவிட்டது. மதிய இடைவேளை, எல்லோருக்கும் அவசரம். அவள் கைப்பிடியைப் பற்றி, வலது காலை முதலில் வைத்து, பிறகு இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். யாரோ பின்னாலிருந்து, "கொஞ்சம் வேகமாப் போங்கம்மா" என்றார்கள்.

"கால் வலிக்குதுங்க" என்றாள் சைஸக்கா. ஒதுங்காமல், அதே வேகத்தில் அடுத்த படியில் காலை வைத்தாள்.